வசந்தி வீட்டுக்கு ஆங்கிலம்

போன மாதம் எனக்கு ஒரு பெரிய அவமானம் நடந்துவிட்டது. உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

சம்பூரில் வசந்தி என்று ஒருத்தி இருக்கிறாள். நெடுநாள் பழக்கம். வீட்டு வளவில் ஒரு அறை கட்டி, கட்டிலும் ஃபேனும் போட்டு, கடல் பார்க்க வரும் வெளிநாட்டுக்காரருக்கு விடப்போகிறாள். படம் எடுத்தாயிற்று. இணையத்தில் போட ஆங்கிலத்தில் நாலு வரி வேண்டும். அவ்வளவுதான்.

“அக்கா, நீங்கள்தான் எழுதித் தரவேணும். இந்த சீசனுக்குள்ள ஆள் வரேல்லை எண்டா நான் குவைத்துக்கு வீட்டுவேலைக்குப் போறதுதான். மெடிக்கலுக்கு வா எண்டு ஏஜென்சிக்காரன் ஒவ்வொரு நாளும் கோல் எடுக்கிறான்” என்றாள்.

மகள் ஒன்பதாம் வகுப்பு. இரண்டு வருஷம் அம்மா இல்லாமல்... நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

“இதென்ன பெரிய வேலை?” என்றேன். பாலையூற்றில் என் மேசையில் இருந்தபடி பத்து நிமிஷத்தில் எழுதி அனுப்பினேன். ஆங்கிலம் நமக்குத் தண்ணீர் பட்ட பாடு அல்லவா!

மூன்றாம் நாள் ஒரு ஜெர்மன்காரப் பெண் பதில் போட்டிருந்தாள். ‘உங்கள் நிலைமையை வாசித்து மிகவும் வருந்தினேன். ஏதாவது உதவி அனுப்பலாமா?’

உதவியா? நான் எழுதியதைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். தமிழில் சொன்னால் இப்படி வரும்: ‘வீடு ஒன்று. முன்னர் முழுமையாகச் சேதமடைந்தது. பின்னர் திருத்தப்பட்டது. கிணறு ஒன்று, துப்புரவாக்கப்பட்டது. கூரை தகரம், ஒழுக்கு இல்லை. தென்னை நான்கு.’

தலையில் கை வைத்துக்கொண்டேன்.

விஷயம் இதுதான். போரில் சம்பூர்ச் சனம் இடம்பெயர்ந்து முகாமில் இருந்த காலத்தில் அவர்களுக்கு இழப்பீட்டுப் படிவம் நிரப்பிக் கொடுத்தவள் நான். வசந்தி எனக்குப் பழக்கமானதும் அந்த வரிசையில்தான். வீடு? ஃபுல்லி டேமேஜ்ட். மாடு? லொஸ்ட். வள்ளம்? டிஸ்ட்ரோய்ட். கையெழுத்து வைக்கத் தெரியாதவர்கள்கூட அந்தச் சொற்களைத் திருத்தமாகச் சொல்வார்கள். “பார்ஷலி எண்டு போடாதேங்கோ பிள்ளை, ஃபுல்லி!” என்று என்னோடு சண்டை பிடித்தவர்களும் உண்டு.

வருஷக்கணக்காக எழுதி எழுதி, என் ஆங்கிலத்தில் வீடு என்றாலே உடைந்த வீடு என்றாகிவிட்டது. நாமெல்லாம் ஆங்கிலத்தை எப்போது வெளியே எடுக்கிறோம்? மனு எழுத, முறைப்பாடு செய்ய, வேலை கேட்க. முற்றத்தைப் பற்றிச் சொல்ல யார் எடுத்தார்கள்? இல்லாததைச் சொல்ல எனக்கு ஆயிரம் சொல் தெரியும். சும்மா அங்கே இருக்கிற ஒன்றைச் சொல்ல — ஒன்றுகூட இல்லை.

“எனக்கு உதவி வேண்டாம் அக்கா. ஆள்தான் வேணும்” என்றாள் வசந்தி. குரலில் கோபமே இல்லை. அதுதான் சுட்டது.

ஞாயிற்றுக்கிழமை சம்பூருக்கு பஸ் ஏறினேன். கிண்ணியாப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. கீழே தண்ணீர் முழுக்க வெயில் துண்டு துண்டாக மிதந்தது. இதற்கு ஆங்கிலத்தில் என்ன? கண்ணை மூடிக்கொண்டு யோசித்தேன். பள்ளிக்கூடத்தில் எப்போதோ படித்த ‘கிளிட்டர்’ வந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து ஸீட் அம்மா கொஞ்சம் தள்ளி இருந்தார்.

கிணற்றடியில் இரண்டு கதிரை போட்டோம். “இங்க என்ன இருக்கு, ஒவ்வொண்டாச் சொல்லுங்கோ” என்றேன்.

“என்ன இருக்கு... ஒண்டுமில்லை. கிணறு, வேம்பு...” யோசித்தாள். “வேம்பின்ர நிழல் ரெண்டு மணிக்கு அறை வாசலுக்கு வந்திடும். பிறகு கடல்காத்து. அது வரேக்க முதல் தென்னோலைதான் சத்தம் போடும். இதெல்லாமோ எழுதிறது?”

“ஓம். இதைத்தான்.”

நிழலுக்கு ஷேட். காற்றுக்கு விண்ட் போதாது, பிரீஸ். ஓலைச் சத்தத்துக்குப் போனில் அகராதியைத் தட்டினேன். ‘ரசல்’ என்றது. “ரசல்... ரசல்...” என்று சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். அந்த நேரம் பார்த்து ஓலை அசைந்தது. இரண்டு பேரும் மேலே பார்த்தபடியே இருந்துவிட்டோம். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

வாளி தண்ணீரைத் தொடும் சத்தத்துக்குத்தான் சொல் கிடைக்கவில்லை. மூன்று தடவை வாளியை இறக்கிக் கேட்டோம். நான் ஒன்று சொன்னேன். “இல்லை அக்கா, இன்னும் மெதுவா” என்றாள். கடைசியில், ‘காலையில் நாங்கள் தண்ணீர் அள்ளுவது உங்களுக்குக் கேட்கும்’ என்று மட்டும் எழுதினோம்.

பத்து வருஷத்துக்குக் கிட்ட இந்த வளவுக்குள் அவளால் கால் வைக்க முடியவில்லை. திரும்பி வந்தபோது ஒரே பற்றைக்காடு. இப்போது ஒவ்வொன்றாகக் கை காட்டுகிறாள், நான் சொல் தேடுகிறேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான்.

சேதமடைந்தது என்ற வரியைக் கடைசியாக அழித்தேன். “அது நடந்ததுதானே? பொய்யாகாதோ?” என்றாள்.

“வந்து கேட்டால் சொல்லுங்கோ. வாசலில எழுதி ஒட்டத் தேவையில்லை.”

இரண்டு கிழமை ஒரு பதிலும் இல்லை. காலையில் எழும்பியதும் நான் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். அங்கே ஏஜென்சிக்காரன் மெடிக்கலுக்குத் திகதியும் வைத்துவிட்டான்.

போன புதன்கிழமை போன் வந்தது. வசந்திதான். ஒரே கிசுகிசுப்பு.

“அக்கா, ரெண்டு பேர் வந்திருக்கினம். நாலு நாள் நிக்கப்போகினமாம். வேம்புக்குக் கீழ படுத்து நித்திரை. அதுதான் மெதுவாக் கதைக்கிறன். இவை போனாப்பிறகு இன்னும் ஒரு குடும்பம் வருதாம்.”

“அப்ப மெடிக்கல்?”

“வர ஏலாது எண்டு சொல்லிப்போட்டன். ஏன் எண்டு கேட்டவன். வீட்டில ஆக்கள் இருக்கினம் எண்டனான்.”

போனை வைத்த பிறகு அந்தக் கடைசி வரியை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். ‘வீ ஹாவ் பீப்பிள் ஹோம்.’ நாலே நாலு சின்னச் சொல். இத்தனை வருஷத்தில் நான் பேசிய மிக நல்ல ஆங்கிலம் அதுதான்!