தந்தம் மட்டும் வீடு வந்தது

இன்று பாகலூர் சாலையில் ஒரு காயலான் கடைக்கு முதல்முறையாகப் போனேன். அடுத்த சிலைக்குப் பல்சக்கரம் தேவைப்பட்டது.

அங்கே என் யானை கவிழ்ந்து கிடந்தது.

முன்பு ஃபிட்டராக இருந்த கம்பெனியின் கேட்டருகே வைக்க, ஷிப்டு முடிந்த நேரங்களில் நான் செய்துகொடுத்தது. உடம்பு இரும்பு, கண் பித்தளை, வால் செம்புக் கம்பி, தந்தம் வேப்பமரம். ஆயுத பூஜையன்று அதற்கும் பொட்டு வைப்போம்.

"லாரி போக கம்பெனி கேட்டை அகலமாக்குறாங்களாம், தூக்கிட்டாங்க" என்றார் கடைக்காரர். கையில் கேஸ் கட்டர். "எவன் செஞ்சான்னு தெரியலண்ணா. இரும்பு, பித்தளை, செம்பு எல்லாத்தயும் ஒண்ணா கலந்து வெச்சிருக்கான். பிரிக்கவே வரல. மொறையா படிச்சவன் இப்படி செய்வானா?"

படிக்கவில்லைதான். சிற்பம் எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. விட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் எல்லா இணைப்புக்கும் இரண்டு சுற்று வெல்டிங் வைப்பேன். அந்த யானைக்குக் கழுத்தடியில் மட்டும் ஒரே சுற்று. கடைசி நாள் வெல்டிங் ராடு தீர்ந்துவிட்டது.

"கழுத்துக்கு அடியில வெட்டுங்க" என்றேன்.

தலை தனியாக வந்தது.

"உங்களுக்கு எப்படிண்ணா தெரியும்?"

"ஃபிட்டர் வேலை பாத்தவன்."

அவர் தந்தங்களை உருவி என்னிடம் நீட்டினார். "மரம் நமக்கு ஆகாது, வேணும்னா எடுத்துக்கோங்க."

தந்தத்துக்காக யானையைக் கொல்வார்கள் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன். இங்கே தந்தம்தான் யாருக்கும் வேண்டாம்.

இப்போது மேசைமேல் கிடக்கின்றன. இன்னொரு யானை செய்தால் எல்லாவற்றையும் போல்ட்டு போட்டே செய்யலாம் என்றிருக்கிறேன், கழற்றச் சுலபமாக இருக்கும். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?