தண்ணீருக்கு ஒரே கட்டம்

1987 மார்ச்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக் கிணறுகளில் நீர் மாதிரி எடுக்கப்பட்டது.
ஏப்ரல்: மதிப்பெண் பட்டியல் தயாரானது.
மே, ஒரு சனிக்கிழமை: பட்டியலின் ஒரு பகுதி திருத்தப்பட்டது.
1996 நவம்பர்: திருத்தத்துக்குக் காரணமாயிருந்த என் மனைவி காலமானாள்.

மழை தொடர்ந்து பொய்த்தால் ஓர் ஊர் எவ்வளவு காலம் தாங்கும் என்று மதிப்பிடுவதே அந்தப் பணி. கல்லூரியில் புவியியல் கற்பித்துவந்த நான் அதற்கான படிவத்தை வகுத்தேன். மரம், மண், சாக்கடை என்று பல கட்டங்கள், தண்ணீருக்கும் ஒன்று. நீர் குடிக்கத் தகுந்ததாயின் பத்து மதிப்பெண், இல்லையேல் பூஜ்யம். பூஜ்யம் பெற்ற கிணறுகளைக் கல் பாவி மூடிவிடலாம் என்றும் பரிந்துரைத்திருந்தேன். திங்கட்கிழமை பட்டியலை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டும்.

சுத்தப் பிரதி எடுத்துக்கொண்டிருந்த என் மனைவி, தான் பிறந்த ஸ்ரீவில்லிபுத்தூர்த் தெருவின் பெயரில் பேனாவை நிறுத்தினாள். உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை அவள்.

"தண்ணிக்கு ஒரே கட்டந்தானா?"

"குடிக்க முடியுமா, முடியாதா. வேறென்ன கேட்பது?"

அவள் வாதாடவில்லை. "நாளைக்குக் காலையில எங்க தெருவுக்கு வாங்க. செத்த நேரம் நின்னு பாத்துட்டு வந்துருவோம்" என்றாள்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு அந்தக் கிணற்றடியில் நின்றோம். என் மதிப்பெண் பற்றிய செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. மில்லில் வேலை பார்க்கும் ஒரு பெண் வாளியை இறக்கியபடியே கேட்டாள்.

"என்ன சார், எங்க கிணத்த பெயிலாக்கிட்டீகளாம்ல. குடிச்சா பாத்தீக?"

"குடித்தேன். உப்பு."

"குடிக்கச் சொன்னது யாரு? குளிச்சுப் பாத்திருந்தா பாஸ் போட்டிருப்பீக."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள், என் மனைவியும்தான்.

"இதை மூடிட்டா நல்ல தண்ணிய எடுத்துத்தான் சாணிக் கையக் கழுவணும்" என்றாள் அந்தப் பெண். "அம்புட்டுத் தண்ணிக்கு எங்க போறது? அதையும் எழுதுங்க."

அந்தக் கோடையில் குழாயில் எட்டு நாளுக்கு ஒருமுறைதான் தண்ணீர் வந்தது. ஆனால் தெருவில் பதற்றமில்லை. நல்ல தண்ணீர் வீட்டுக்குள் மூடிய குடத்தில் இருந்தது; உலைக்கும் தாகத்துக்கும் மட்டும் அதைத் தொட்டார்கள். மற்ற அனைத்தையும் உப்புக் கிணறு சுமந்தது. துணி அலசிய நீர் முருங்கைக்குப் போனது. அரிசி களைந்த நீர் மாட்டுக்குப் போனது. ஆண்டுதோறும் தெருவார் கூடித் தூர் எடுத்தார்கள். எவரும் வகுத்துக் கொடுக்காத இந்த ஒழுங்கு, நான் அதுவரை வகுத்த எதையும்விடத் துல்லியமாக இருந்தது. நான் பூஜ்யமிட்ட கிணறுதான் அந்தத் தெருவைக் குடிபெயராமல் காத்துக்கொண்டிருந்தது.

அன்று மாலைக்குள் என் மனைவி தண்ணீர்க் கட்டத்தை இரண்டாகப் பிரித்தாள்: குடிக்க, புழங்க. அவள் தெருத்தெருவாக அறிந்திருந்த ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மறுபடி மதிப்பெண் போட்டோம். அந்தக் கிணறு மூடப்படவில்லை.

ராஜபாளையத்துத் தெருக்களில் அவ்வாறு நின்று பார்க்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போதவில்லை. அந்தப் பகுதியைப் பழைய மதிப்பெண்களுடனேயே கொடுத்தேன். அவகாசம் கேளுங்கள் என்று அவள் சொன்னாள். நான் கேட்கவில்லை. சில கிணறுகளின் மேல் கல் ஏறியது. ஒவ்வொரு கோடையிலும் அவள் ஒருமுறை நினைவூட்டுவாள்; ஒருமுறைதான். விடுமுறையில் பார்ப்போம் என்பேன்.

செய்யாமல் விட்டவை:

ராஜபாளையத்தில் என் பட்டியலால் மூடப்பட்ட கிணறுகளைத் தெருவாரியாகக் குறிப்பது.

அவற்றில் எவற்றின் கல்லை இன்னும் எடுக்கலாம் என்று நேரில் பார்ப்பது.

பக்கத்து ஊரான மம்சாபுரத்தில் எத்தனை வகைத் தண்ணீர் புழங்குகிறார்கள் என்று கேட்டு வருவது. இருவரும் போவதாக இருந்தோம்.

படிவத்தை வகுத்தவர் என்ற இடத்தில் அவள் பெயரை எழுதுவது.