மிஷின் அக்காவின் வயிற்றெரிச்சல்

கட்டிய புருஷன் மேல் ஒருத்திக்குத் தொழில் பொறாமை வந்து நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். அதுவும் முன்வரிசையில் உட்கார்ந்து. மிஷின் அக்காவும் நானும் ஒரே கடையை ஆளுக்குப் பாதியாக வைத்திருக்கிறோம். வாசல் பக்கம் என் ஜெராக்ஸ் மிஷின், சுவர் பக்கம் அவளுடைய கம்ப்யூட்டர், நடுவில் வந்தவர்கள் உட்கார ஒரு பெஞ்சு. அவள் வயிறு எரிந்த சூடு என் பக்கம் வரைக்கும் அடித்தது.

மிஷின் என்ற பெயர் நான் வைத்ததில்லை, வாடிக்கையாளர்கள் வைத்தது. என் மிஷின் தாளை மென்று துப்பி நாளுக்கு நாலு தடவை மக்கர் பண்ணும். அக்கா பண்ண மாட்டாள். காலையில் உட்கார்ந்தால் கடகடவென்று மதியச் சாப்பாடு வரை ஒரே ஓட்டம். கீபோர்டில் பாதிக் கட்டைகளில் எழுத்தே தேய்ந்து போயிருந்தது. அவளுக்கு அது தெரியவும் தெரியாது, ஏனென்றால் அவள் கீழே பார்த்ததே இல்லை. பேச்சும் அளவுதான். "எத்தனை பக்கம்? நாளைக்கு வாங்க." அவ்வளவோடு சரி. யாராவது கதை பேச வாயெடுத்தால் கட்டைகளை இன்னும் கொஞ்சம் சத்தமாகத் தட்டுவாள். அவர்களும் பெஞ்சை விட்டு எழுந்து போய்விடுவார்கள்.

அப்படிப்பட்டவளுக்கு வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. கட்டைவிரலும் அதற்கடுத்த இரண்டு விரல்களும். சுண்டுவிரலுக்கு ஒன்றும் இல்லை. "இந்தச் சோம்பேறிக்கு மட்டும் நோகாது பாரு" என்று அந்தச் சுண்டுவிரலையே திட்டுவாள். தைலம் தேய்த்தாள். தைல வாசனை அடித்த தாள்களையெல்லாம் என்னிடம் நகலெடுக்க நீட்டினாள். துணி சுற்றினாள். தண்ணீர் டம்ளர் அடிக்கடி கையிலிருந்து நழுவியது. ஒரு நாள் காலையில் ஷட்டரின் பூட்டில் சாவியைப் போட்டுவிட்டு அதைத் திருப்ப முடியாமல் நின்றாள். நான்தான் திருப்பினேன். அன்றைக்கே இழுத்துக்கொண்டு போய் டாக்டரிடம் உட்கார வைத்தேன்.

டாக்டர் அவளைத் தட்டச்சு செய்வதுபோல் மேசை மேல் கையை வைத்துக் காட்டச் சொன்னார். பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மேசை உயரம். கீபோர்டுக்கு அடியில இருக்குற குட்டிக் கால வேற நிமித்தி வச்சிருப்பீங்க. மணிக்கட்டு மேல மடிஞ்சே இருக்கு. உள்ள ஓடுற நரம்பு நசுங்காம என்ன பண்ணும்?"

"நான் சரியாத்தான் டாக்டர் கத்துக்கிட்டேன். பத்து விரலும் போடுவேன்."

"வேகமா அடிக்கக் கத்துக்கிட்டீங்க. விடக் கத்துக்கலையே! ரெண்டு மாசம் கை அந்தப் பக்கமே போகக் கூடாது. இப்ப ஓய்வு குடுத்தா சரியாகும். பிடிவாதம் பிடிச்சா அந்த விரல்ல உணர்ச்சி திரும்பாமலே போயிடலாம்."

மணிக்கட்டு மடியாமல் இருக்க ஒரு பட்டையை மாட்டி அனுப்பினார். வழி நெடுக அக்கா முந்தானைக்குள் அந்தக் கையை ஒளித்துக்கொண்டு வந்தாள்.

வேறு வேலை என்றால் இன்னொரு கடைக்குக் கைகாட்டி விட்டிருக்கலாம். அப்போது கையில் இருந்தது சர்வேயர் சாரின் புத்தகம். ஊர் ஊராக நிலம் அளந்து ஓய்வு பெற்றவர், தன் வாழ்க்கைக் கதையைக் கட்டுக் கட்டாக எழுதி வைத்திருந்தார். கோழி கிளறினால்கூட அதைவிடத் தெளிவாக இருக்கும். அந்தக் கையெழுத்து அக்கா ஒருத்திக்குத்தான் புரியும். ஆகவே அக்கா படித்துச் சொல்வது, வேறு யாராவது அடிப்பது என்று முடிவாயிற்று. அந்த வேறு யாராவது, அவள் வீட்டுக்காரர்.

அவர் லாரி ஓட்டியவர். எல்லோருக்கும் டிரைவர் அண்ணன். கம்பெனி லாரிகளை விற்றுவிட்டதால் வீட்டில் சும்மா இருந்தார். கையைப் பார்க்க வேண்டுமே, ஒவ்வொரு விரலும் ஒரு முருங்கைக்காய். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து, எழுத்தில்லாத கீபோர்டைப் பார்த்துவிட்டு, "போர்டே இல்லாத ரோட்டுல ஓட்டச் சொல்றியேம்மா" என்றார். அக்கா சிரிக்கவில்லை. ஸ்டிக்கர் வாங்கி ஒட்டினோம். ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் நீட்டிக்கொண்டு, எழுத்தைத் தேடித் தேடிக் குத்தினார்.

அன்றைக்கே ஒரு சண்டை. சர்வேயர் சார் வயல் வரப்பில் வழுக்கி விழுந்து கால் உடைந்ததை அக்கா படித்தாள். டிரைவர் அதை அடித்துவிட்டு, கடைசியில் 'பாவம்' என்று தானாக ஒரு சொல்லைச் சேர்த்திருந்தார்.

"உங்க கருத்த யார் கேட்டா?" என்று அக்கா எகிறினாள். "என் வாயில வர்றத அப்படியே அடிங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம். உங்க மூளைய இதுக்குள்ள விடாதீங்க."

"சரிம்மா" என்றார் அவர். சொன்னால் சொன்னதுதான், அந்த மனுஷன் அப்படி.

ஒரு பக்கம் அடிக்க அவருக்கு அரை நாள் ஆனது. அந்த நேரத்தில்தான் வினை வந்து உட்கார்ந்தது. விண்ணப்பம் அடிக்க வந்தவர்கள் காத்திருந்தார்கள். காத்திருந்தவர்களோடு டிரைவர் பேசினார். எந்த மலைப்பாதையில் பிரேக் போனது, எந்தச் சோதனைச்சாவடியில் தூங்கிவிட்டார் என்று குத்திக்கொண்டே அள்ளி விட்டார். பெஞ்சு நிறைந்தது. சும்மா போகிறவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். யாரோ அவருக்கு டீ வாங்கி வந்து வைத்தார்கள். பொய் சொல்வானேன், கூட்டம் சேர்ந்ததில் எனக்கும் நகல் வேலை கூடிற்று. நான் அவர் கட்சிதான்.

அக்காவுக்குக் காதில் புகை வந்தது. வாய் திறந்து சொல்லாவிட்டால் வெடித்துவிடுவாள் போலிருந்தது. மதியம் அவர் கை கழுவப் போன நேரத்தில் என் பக்கம் வந்து கொட்டினாள்.

"பாத்தியாடி? இந்த நாற்காலியில நான் இத்தனை வருஷம் உக்காந்து செத்தேன். ஒருத்தி, ஒருத்தன், ஒரு வாய் டீ குடிக்கிறியான்னு கேட்டிருப்பாங்களா?"

"நீ கேக்க விட்டியா?"

"இந்த மனுஷன் ஒரு பாராவுக்கு ஏழு தப்பு விடுறாரு. அதுக்கு, 'அண்ணே, இந்த வயசுல கத்துக்கிட்டீங்களே'ன்னு கை தட்டுறாங்க. எனக்கு எவன் கை தட்டினான்?"

"உன் புருஷன்தானே. பக்கத்துக் கடைக்காரனா?"

"அதான் இன்னும் எரியுது. அந்தக் கையப் பாரு. நாள் பூரா குத்தியும் ஒரு வலி உண்டா, ஒரு மரப்பு உண்டா? நான் பத்து விரலும் ஒழுங்கா போட்டதுக்குப் பட்டை மாட்டிக்கிட்டு நிக்கிறேன்."

அவள் சொன்னதும் நியாயம்தானே.

மறுவாரம் நான் கொஞ்சம் முன்னதாகக் கடைக்கு வந்தேன். ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே பழைய கடகட சத்தம். அக்கா பட்டையைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, சர்வேயர் சாரின் அத்தியாயம் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தாள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. என்னைப் பார்த்ததும், "அவர்கிட்ட சொல்லாதே" என்றாள். சொல்லத் தேவையே இருக்கவில்லை. அன்று மாலையே விரல்கள் மூன்றும் மரத்துப்போய், சேலைக்கு ஊக்கு குத்தக்கூட என்னைக் கூப்பிட்டாள். டாக்டர் இந்தத் தடவை கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "இன்னொரு தடவ இப்படிச் செஞ்சுட்டு வந்தா, ஆபரேஷன் பண்ணினாலும் பழைய கை கிடைக்கும்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார், மெதுவாக.

அதன்பிறகு அக்கா கீபோர்டைத் தொடவில்லை. வாயால் மட்டும் தொட்டாள். டிரைவரின் முதுகுக்குப் பின்னால் நின்று, தாளைப் பார்த்தபடி, ரயில்வே அறிவிப்பு மாதிரி ஒரே குரலில் படிப்பாள். ஒரு நாள் நில அளவை அத்தியாயம் ஓடிக்கொண்டிருந்தபோது, விண்ணப்பம் வாங்க வந்த ஒரு அம்மாள் வாசலிலேயே நின்றுகொண்டு, "டிரைவர் தம்பி வந்த பிறகுதான் இந்தக் கடைக்கே ஒரு களை வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். நல்ல மனதோடுதான் சொன்னாள். அவளுக்கு என்ன தெரியும்?

அக்கா படிப்பதை நிறுத்தவில்லை. என் மிஷின் ஓடிக்கொண்டிருந்ததால் எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. குரல் அதே குரல். ஆனால் யாரோ களை இல்லாமல் இருந்தார்கள், யாருக்கோ கை போயிற்று, யாரோ கேட்கவில்லை என்றெல்லாம் வந்தது. சர்வேயர் சாருக்கு உள்ளுக்குள் இவ்வளவு ஆத்திரமா என்று நினைத்துக்கொண்டேன். டிரைவர் தலை நிமிராமல் குத்திக்கொண்டிருந்தார்.

அடித்ததை எப்போதும் அக்கா ஒருமுறை படித்துப் பிழை திருத்திவிட்டுத்தான் கொடுப்பாள். அன்று, "உங்களுக்குத்தான் ஊரே தாசனா இருக்கே, நீங்களே குடுத்துக்கோங்க" என்று பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். அவரும் அச்செடுத்து சர்வேயர் சாரிடம் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலையில் சர்வேயர் சார் தாள்களோடு வந்தார். கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கினார், இறக்கினார்.

"அம்மா, இதுல ஒரு பாரா நான் எழுதினதா ஞாபகம் இல்ல. வயசாயிடுச்சு, மறந்துட்டேனோ என்னவோ. ஆனா நல்லா வந்திருக்கு. படிக்கிறேன், கேளுங்க."

பெஞ்சில் ஆட்கள் இருந்தார்கள். அவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தார்.

"'நான் இருந்தப்ப களை இல்லையாம். நான் குனிஞ்ச தலை நிமிராம அடிச்சதுனாலதான் நீங்க லாரி இல்லாம வீட்டுல உக்காந்தப்பவும் அடுப்பு எரிஞ்சுது. என் கை போனப்ப ஒரு நாளாவது வலிக்குதான்னு கேட்டீங்களா? ரெண்டு விரல்ல குத்திக்கிட்டு என் நாற்காலியையும் எடுத்துக்கிட்டீங்க, என் ஆளுங்களையும் எடுத்துக்கிட்டீங்க. எனக்கு உங்களப் பார்த்தா பத்திக்கிட்டு வருது.' அதுக்கப்புறம், 'வடக்கு எல்லைக் கல்லிலிருந்து அளவுச் சங்கிலியைப் பிடித்தோம்'னு நான் எழுதினது வருது."

நான் ஓடாத மிஷினின் மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பதுபோல் குனிந்துகொண்டேன். அக்காவின் முகம் சுண்டிப் போயிருந்தது. சர்வேயர் சாருக்கு அப்போதுதான் எல்லை எதுவென்று பிடிபட்டிருக்க வேண்டும். தாளை மேசையில் வைத்துவிட்டு, "நான் அப்புறமா வர்றேன்" என்று நழுவினார். பெஞ்சில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

"அத ஏன் அடிச்சீங்க?" அக்காவின் குரல் எழும்பவே இல்லை.

"அப்படியே அடிக்கச் சொன்னியே."

"அது புத்தகத்துல இல்லன்னு தெரியலையா?"

"அடிக்கும்போதே தெரிஞ்சுதும்மா." டிரைவர் தன் கையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "இப்ப நிறுத்துவ, இப்ப நிறுத்துவன்னு பார்த்தேன். நீ நிறுத்தல. இவ்வளவு நாள்ல என்கிட்ட இவ்வளவு பேசினது நேத்துத்தான். நடுவுல விட மனசு வரல."

அக்கா மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "எந்திரிங்க. நான் அழிக்கிறேன்" என்று பட்டையை அவிழ்க்கப் போனாள். டிரைவர் எழவில்லை. அந்தக் கை மேல் தன் கையை வைத்து மூடினார்.

"கைய வைக்காதே. டாக்டர் சொன்னது மறந்துபோச்சா? நீ சொல்லு, நான் அழிக்கிறேன்."

"அழிங்க அப்ப."

அவர் பாராவின் கடைசிப் புள்ளிக்கு வந்து, அழிக்கிற கட்டையை ஆள்காட்டி விரலால் குத்தினார். ஒரு குத்துக்கு ஓர் எழுத்து. முதலில் 'பத்திக்கிட்டு வருது' போயிற்று. 'நாற்காலி' பின்னாலிருந்து ஒவ்வொன்றாகக் கரைந்தது. மொத்தமாக அழிக்க வழி இருப்பது அவருக்குத் தெரியாது. அக்கா சொல்லித் தந்ததே இல்லை. குத்த மட்டும் கற்றுக் கொடுத்துவிட்டு, மற்ற சுருக்கு வழிகளையெல்லாம் தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். எனக்கே அன்றுதான் அது உறைத்தது.

'வலிக்குதா' என்ற இடத்துக்கு வந்தபோது அவர் விரல் கொஞ்சம் நின்றது. "வலிக்குதா?" என்று கேட்டார். திரையைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். அவர் திரும்பவும் குத்த ஆரம்பித்தார்.

அக்கா திரையைப் பார்க்கவில்லை, அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டு மேல்நோக்கி மடிந்திருந்தது. ஒவ்வொரு குத்துக்கும் முழங்கை வரை அதிர்ந்தது.

"நிறுத்துங்க" என்றாள். "இப்படிக் குத்தினா கை என்னத்துக்கு ஆகும்? வீட்டுல ஒரு கை போனது போதாதா?"

குனிந்து, பட்டை இல்லாத இடது கையால் அவர் விரலைப் பிடித்து ஒரு கட்டையில் வைத்தாள். "இத அழுத்திப் பிடிங்க. விடாதீங்க. இப்ப அம்புக்குறியில மேல போங்க." மிச்சமிருந்த வரிகள் முழுவதும் கறுப்பாயின. "இப்ப அழிக்கிற கட்டைய ஒரே ஒரு தடவ தட்டுங்க. மெதுவா."

தட்டினார். எல்லாம் போயிற்று.

டிரைவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அட, இவ்வளவுதானா! இத ஏன்மா இத்தனை நாளா சொல்லல?"

"பொறாமைதான். வேற என்ன?" என்றாள் அக்கா. "கைய நேரா வைங்க."