எதிர் ஜன்னலில் ஏழு மணிக்கு

பழனிசாமி அண்ணன் இறந்த செய்தியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணிக்கு, எதிர் ஜன்னலில் வெளிச்சம் வரவில்லை. செய்தி அதுதான். ஹெப்பாள் ஆலையில் அவரோடு வேலை பார்த்தவர்களும் கம்பெனி பஸ்ஸில் அவரோடு போய் வந்தவர்களுமான நீங்கள் என்னைப் பார்த்தால் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: "உனக்கு எப்படி அவ்வளவு சீக்கிரம் தெரிந்தது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டது. அதனால் எழுதியே தந்துவிடுகிறேன்.

மண்டி மொஹல்லாவில் எங்கள் சந்து மிகக் குறுகல். இரண்டு ஸ்கூட்டர்கள் எதிரெதிரே வந்துவிட்டால் ஒன்று யார் வீட்டுப் படியிலாவது ஏறித்தான் நிற்க வேண்டும். அந்தச் சந்தில் அவர் ஒரு மாடியில், நான் எதிர் மாடியில். அவர் எல்லையோரம் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். மனைவி இறந்து பல வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் ஈரோட்டில் குடித்தனம். நான் கல்யாணமே செய்துகொள்ளாதவன். ஆலையில் அவர் மின்பராமரிப்பு, நான் சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச். பகலெல்லாம் கன்னடம் பேசிவிட்டு, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் நாங்கள் இருவரும் தமிழுக்குத் திரும்புவோம்.

நம் ஆலை ஃபிட்டர் ஒருவர் வாடகை அறையில் தனியாக இறந்துபோனது உங்களுக்கு நினைவிருக்கும். பல நாள் கழித்துக் கதவை உடைத்தபோது, நாற்றத்தில் யாராலும் உள்ளே போக முடியவில்லை. அதற்கு மறுநாள் காலை, நிரம்பி வழிந்த கம்பெனி பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற அண்ணன், குரலைத் தணிக்காமல் என்னிடம் கேட்டார்:

"ஏந்தம்பி, நான் செத்தா அன்னிக்கே உங்களுக்குத் தெரியோணும். அதுக்கு ஒரு வழி பண்ணலாங்களா?"

நாலு தலைகள் திரும்பின. எனக்கு மானம் போயிற்று. "மெதுவாப் பேசுங்கண்ணா" என்றேன்.

"மெதுவாப் பேசினா சாவு வராதுங்களா?"

தினமும் மாலையில் வந்து பார்த்துவிட்டுப் போகிறேன் என்று சொன்னேன். அதை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "தெனமும் வந்து உக்காந்தீங்கன்னா ரெண்டே மாசத்துல உங்களுக்கு என்னையும் எனக்கு உங்களையும் புடிக்காமப் போயிருமுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். இரண்டு பேருமே தனிமையில் ஊறிப்போனவர்கள். கடைசியில் டார்ச் என்று முடிவாயிற்று. ஏழு மணிக்கு அவர் தம் ஜன்னலிலிருந்து இரண்டு முறை அடிப்பார், நான் இரண்டு முறை பதில் அடிப்பேன். வெளிச்சம் வராவிட்டால் மற்றவர் சந்தைத் தாண்டி வந்து பார்க்க வேண்டும். சாவியை மாற்றி வைத்துக்கொண்டோம். ஏழு மணி வரை உள்தாழ் போடுவதில்லை என்பதும் ஒப்பந்தத்தில் சேர்த்தி.

இதில் முதலில் சந்தேகப்பட்டது போலீஸ். ரோந்து வரும் பீட் கான்ஸ்டபிள் ஒருவர் நாலைந்து நாள் கீழே நின்று பார்த்திருக்கிறார். மட்கா சூதாட்டச் சீட்டு விவகாரம் என்று நினைத்துக்கொண்டு அண்ணன் மாடிக்கு ஏறி வந்து, "ஏன்றீ, யாவ சிக்னலு இது?", என்ன சிக்னல் இது, என்று கன்னடத்தில் அதட்டினார். நான் என் வீட்டிலிருந்து ஓடி வருவதற்குள் அண்ணன் நிதானமாகப் பதில் சொல்லிவிட்டார்: "நாவு இன்னூ இத்தீவி அந்த ஹேளோக்கே சார்." நாங்கள் இன்னும் இருக்கிறோம் என்று சொல்லத்தான் சார். கான்ஸ்டபிள் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ஒரு டம்ளர் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

அந்த நாட்களில் எங்களிடம் இருந்தவை தடித்த செல் போடும் இரும்பு டார்ச்சுகள். ஒரு மாலை அவர் பக்கம் இருட்டாகவே இருந்தது. சாவியோடு ஓடினேன். கதவைத் திறந்தால் அண்ணன் டார்ச்சைப் பிரித்துத் தட்டில் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "பல்பு போயிருச்சுங்க. நீங்க வாறீங்களான்னு பாத்தேன்" என்றார். எனக்கு வந்த கோபத்தில் அவரோடு இரண்டு நாள் பேசவில்லை. டார்ச் மட்டும் அடித்தேன்.

அந்தக் கோபம் அவரை எங்கோ தைத்திருக்க வேண்டும். போன வருடம் அவருடைய அக்கா மகன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது, ஃப்யூஸ் ஆகாத டார்ச்சாக ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு. விரல் நீளம், ஒரே ஒரு பென்சில் செல். பொத்தான் கிடையாது. தலையைத் திருகினால் எரியும், எதிர்ப்பக்கம் திருகினால் அணையும். டேப்ரிக்கார்டரில் சிவப்பாக மினுக்குமே எல்.இ.டி., அதில் வெள்ளையும் வந்துவிட்டதாம். ஈரக் கைக்கு வழுக்கும் என்று குறை சொன்னேன்; உடம்பெல்லாம் சொரசொரவென்று வரி போட்டிருந்தது, வழுக்கவில்லை. விழுந்தால் போச்சு என்றேன்; மாடிப்படியில் அவராகவே உருட்டிவிட்டார். அது எரிந்துகொண்டே கீழே போய்ச் சேர்ந்தது. வெளிச்சம் மட்டும் சோகை பிடித்த மாதிரி ஒரு நீலவெள்ளை. சந்தைத் தாண்டி என் ஜன்னலுக்கு வரும்போது வெறும் புள்ளிதான்.

"இத்தனூண்டு வெளிச்சத்தை வெச்சு என்னண்ணா பண்றது?"

"ஊருக்கா காட்டறோம்? உங்களுக்குத் தெரிஞ்சாப் போதுங்க."

அதன்பின் அந்த டார்ச் அவர் சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் நிரந்தரமாகக் குடியேறியதை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். பேனல் போர்டுக்குப் பின்னால் தலையை நுழைக்கும்போது அதைப் பல்லில் கடித்துக்கொள்வார். கேள்வி கேட்டால் கடித்தபடியே பதில் சொல்வார், ஒன்றும் புரியாது. பட்டப்பகலில் மார்க்கெட்டில் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பி ஓட்டைக்குள் வெளிச்சம் அடித்துப் பார்ப்பார். காய்காரம்மா, "ஏன் ஸ்வாமி, எக்ஸ்ரே தெகீத்தீரா?", எக்ஸ்ரே எடுக்கிறீர்களா, என்று கேட்டுச் சிரிப்பார். செல் தீருகிறதா என்று ஒவ்வொரு ஞாயிறும் சோதிப்பார். செல் தீருவதாகவும் இல்லை.

அந்த டார்ச்சின் கொடுமை எனக்கு அந்தச் செவ்வாய்க்கிழமைதான் புரிந்தது. பழைய டார்ச்சாக இருந்திருந்தால் பல்பு போயிருக்கும் என்று ஐந்து நிமிடமாவது என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருப்பேன். இதில் போவதற்கு எதுவும் இல்லை. அவர் ஊரிலும் இல்லாமல் இல்லை. ஆறு மணிக்கு என்னோடுதான் பஸ்ஸிலிருந்து இறங்கினார். நான் இரண்டு முறை அடித்தேன். மறுபடி அடித்தேன். பிறகு சாவியை எடுத்துக்கொண்டு, செருப்புக்கூடப் போடாமல், சந்தைக் கடந்தேன்.

சமையலறையில் கிடந்தார். அரிசி களைந்து வைத்திருந்தது, அடுப்பு பற்றவைக்கவில்லை. தொட்டபோது உடம்பில் சூடு இருந்தது. வந்த டாக்டர், இதயம் நின்றுவிட்டது, அதிகம் கஷ்டப்பட்டிருக்க மாட்டார் என்றார். ஆட்கள் வந்து சேரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சட்டைப் பையில் டார்ச் இருந்தது. எதற்கென்று தெரியவில்லை, எடுத்துத் திருகினேன். எரிந்தது. எனக்கு அழுகையை முந்திக்கொண்டு ஆத்திரம் வந்தது. அவர் கேட்டபடி அன்றைக்கே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் என்ன செய்வதென்று நாங்கள் பேசி வைத்திருக்கவில்லை.

காரியம் முடிந்து வீட்டைக் காலி செய்யும்போது அவர் மகள், "டார்ச்ச நீங்களே வெச்சுக்குங்க மாமா" என்றாள். வேண்டாம், உன் பையனுக்குக் கொடு என்றேன். எதிர்ப்பக்கம் ஆள் இல்லாமல் நான் அதை வைத்துக்கொண்டு யாருக்கு அடிக்க? பிறகு ஆணியில் மாட்டியிருந்த ஒரு சாவியைக் கொண்டுவந்து, "இது எங்க வீட்டுதில்லைங்களே" என்று நீட்டினாள். என்னுடையது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன். இப்போது என் வீட்டுச் சாவி இரண்டும் என்னிடமே இருக்கின்றன.

இரண்டு சாவியும் ஒருவனிடமே இருப்பது எத்தனை பயங்கரம் என்று படுத்த பிறகுதான் தெரிகிறது. சாவைப் பற்றிய பயம் இல்லை. அந்த ஃபிட்டரின் கதவு ஞாபகம்.

எதிர் வீட்டுக்குப் புதிதாக ஒரு இளம் தம்பதி வந்திருக்கிறார்கள், சாமராஜநகர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள். போன ஞாயிறு கதவைத் தட்டினேன். கேட்க வேண்டியதைக் கன்னடத்தில் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போனேன். கதவு திறந்தது. குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா என்று விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன். வருகிறதாம்.

அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொள்ள விரும்புவது அந்த வெட்கமில்லாத வாயைத்தான். நாற்பது பேர் கேட்க, பஸ்ஸில் நின்றபடி, நான் செத்தால் கவனியுங்கள் என்று இன்னொரு மனிதனிடம் கேட்கத் தெரிந்த வாய். இன்று மாலை ஒரு சாவியை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு மறுபடி போகிறேன். அன்று அண்ணன் கேட்டதற்கு, பஸ் ஹெப்பாள் வந்து சேர்வதற்குள், நான் "சரிங்கண்ணா" என்றுதான் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிதான் ஆயிற்று. அதை யாராவது எனக்கும் சொல்ல வேண்டும்.