போய்த் திரும்ப ஓர் அனுமதி

காலை வழிபாட்டுக்குப் பிள்ளைகள் வரிசையில் நின்றுகொண்டிருந்தபோது நிரோஜாவிடமிருந்து அழைப்பு வந்தது. வழிபாட்டு நேரத்தில் நான் கைபேசியை எடுப்பதில்லை; எடுக்கிற ஆசிரியர்களைச் சும்மா விடுவதும் இல்லை. மறுபடியும் அடித்ததால் எடுத்தேன். “டீச்சர், அப்பா எழும்பேல்ல” என்றாள். “மாத்திரை போட்ட அசதியா இருக்கும் கண்ணு, தட்டி எழுப்பிப் பாரு” என்றேன். “தட்டிப் பாத்திட்டன் டீச்சர்” என்றாள். அப்புறம்தான் எனக்கு விளங்கியது. பாட்டை முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன என்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சூசைதாசன் அண்ணன் காலமாகிவிட்டார். திருப்பூர் மண்ணரையில் பனியன் கம்பெனிகளைச் சுற்றியிருக்கும் லைன் வீடுகளில் குடியிருக்கிற ஒடிசா, பீகார் குடும்பங்களுக்கும், தென் மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தவர்களுக்கும் அவரை நன்றாகத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் போருக்குத் தப்பி மன்னாரிலிருந்து படகில் வந்தவர். திருப்பூருக்கு வெளியே உள்ள இலங்கைத் தமிழர் முகாமில்தான் மணம் முடித்தார், அங்கேதான் மனைவியைப் பறிகொடுத்தார், அங்கேதான் ஒரே மகள் நிரோஜாவை வளர்த்தார். பகலில் மண்ணரையில் ஒரு கம்பெனியில் அயர்ன் மாஸ்டர். பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும். ஊருக்குப் புதிதாக வருகிறவர்களைக் குடியமர்த்துவதை அவர் தாமாகவே தம் வேலையாக எடுத்துக்கொண்டார். அவரை மட்டும் எங்களால் எங்கேயும் குடியமர்த்த முடியவில்லை.

நான் இங்கே ஒரு நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியை. வெள்ளகோவில் பக்கத்துக்காரி; வாய் கொஞ்சம் நீளம் என்று என்னைப் பற்றிச் சொல்வார்கள். பசந்தி என்கிற ஒடிசாப் பெண்ணையும் அவள் மகளையும் கூட்டிக்கொண்டு அண்ணன் என் அறைக்குள் நுழைந்த நாளில் நாங்கள் இரண்டு பேரும் நன்றாகவே மோதிக்கொண்டோம். குழந்தையைச் சேர்க்க முகவரிச் சான்று வேண்டும் என்றேன். வீட்டுக்காரர் கம்பெனி கடிதம் கேட்கிறார், கம்பெனிக்காரர் ஆதார் கேட்கிறார், ஆதார் மையத்தில் வீட்டுக்காரரின் கையெழுத்து கேட்கிறார்கள் என்று அவர் அடுக்கினார். தடுப்பூசி அட்டை இல்லாததால் சுகாதார நிலையத்திலும் திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

“நாலு பேரும் நாலு வாசலைக் காட்டுறீங்கள் டீச்சர். இந்தப் பிள்ளை என்ன பந்தோ?” என்றார்.

“சட்டம் நான் போட்டதுங்களா?” என்றேன் வெடுக்கென்று.

“இல்லை. ஆனா கதிரை உங்கடதானே.”

எனக்குச் சுருக்கென்றது. எதிரே இருந்த நாற்காலியில் உட்காரச் சொல்லக்கூட நான் மறந்திருந்தேன். அவர் குரலைத் தாழ்த்தி, “அனுப்பாதேங்கோ டீச்சர், கூட்டிக்கொண்டு போங்கோ. நீங்கள் வந்து நிண்டால் வீட்டுக்காரன் இல்லையெண்டு சொல்லமாட்டான்” என்றார். வீம்புக்குத்தான் எழுந்து நடந்தேன். லைன் வீட்டுக்காரர் பழனிசாமி, தலைமையாசிரியை தன் காம்பவுண்டில் தண்ணீர்க் குழாயடியில் நிற்பதைப் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டே ஓடிவந்தார். “ஏனுங்க டீச்சர், சொல்லியுட்டா நான் வரமாட்டனுங்களா?” என்று பதறினார். கையெழுத்துக் கிடைத்தது. அந்தக் கையோடு பழனிசாமியையே சுகாதார நிலையத்துக்குக் குழந்தையைக் கூட்டிப் போக வைத்தார் அண்ணன். அன்று மதியம் பசந்தியின் மகள் எங்கள் பள்ளியில் முட்டையோடு சாப்பாடு சாப்பிட்டாள்.

அதுதான் தொடக்கம். அதிலிருந்து புதன்கிழமைதோறும் மதிய இடைவேளையில் எங்கள் சத்துணவுக் கூடத்தில் கூடினோம். நான், பழனிசாமி, சுகாதார நிலையச் செவிலியர் சாந்தாமணி மூவரும் எப்போதும் இருப்போம். தேவைக்கு ஏற்ப ரேஷன் கடைக்காரரோ விடுதிக் காப்பாளரோ வந்து சேர்ந்துகொள்வார்கள். ‘என்னால் ஆகாது’ என்று சொல்கிறவர், யாரால் ஆகுமோ அவரிடம் அந்தக் குடும்பத்தைத் தாமே நடத்திக் கூட்டிப்போக வேண்டும். அண்ணன் வைத்த ஒரே விதி அதுதான். சாந்தாமணிக்கு மூட்டுவலி. “வெய்யில்ல நடக்கறதுக்குப் பயந்தே நான் இங்கயே வேலைய முடிச்சுக் குடுத்தர்றனுங்க” என்று ஒரு நாள் உண்மையைப் போட்டு உடைத்தார். அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எங்கள் ஒற்றுமையில் பாதி அந்தச் சோம்பேறித்தனத்தில் விளைந்ததுதான் என்பதை நான் மறைக்கப் போவதில்லை.

அவரைப் புனிதராக்கினால் அவருக்கே பிடிக்காது. கோபக்காரர். தொழிலாளிகளின் ஆதார் அட்டைகளைப் பிடுங்கி வைத்துக்கொண்ட ஒரு காண்ட்ராக்டரை நடுத்தெருவில் நிறுத்தி அவர் கத்திய கத்தலில், பக்கத்துக் கம்பெனியில் தையல் மெஷின்கள் நின்றுபோயின. எங்கள் ஊர்ச் சாம்பாரைச் சாப்பிடும்போதெல்லாம் ஏதாவது குறை சொல்வார். அவர் பேசிய இந்தி எந்த நாட்டிலும் கிடையாது. “ஆப் கவலைப்படாதேங்கோ, மேம் சாத் வருவன்” என்பார். பீகார்க்காரர்களும் புரிந்ததாகத் தலையாட்டுவார்கள். யாராவது சார் என்று அழைத்தால் திரும்பியே பார்க்க மாட்டார்.

எவ்வளவு கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தாலும் சுவர்க் கடிகாரத்தின் மேல் அவருக்கு ஒரு கண் இருக்கும். முகாமில் செக்கிங் என்று ஒன்று உண்டு. வருவாய்த் துறை அலுவலர் வந்து உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். அந்தந்த ஆள் நேரில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பெயர் போய்விடும். முகாமில் பெயர் போனவருக்கு இந்த நாட்டில் நிற்க வேறு இடமில்லை. நிரோஜா இங்கேயே பிறந்து, இங்கேயே பட்டம் வாங்கி, ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறாள். அவளும் விடுப்பு எடுத்துக்கொண்டு போய்ப் பெயருக்கு எதிரே நின்றுவிட்டுத்தான் வர வேண்டும்.

மன்னாரில் அண்ணனின் தாயார் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் அண்ணன் அவரோடு தொலைபேசியில் பேசுவார். “எப்ப மோனை வாறாய்?” என்று அந்த அம்மா கேட்பார். “வாற கிழமை அம்மா” என்பார் இவர். எத்தனையோ வருடங்களாக அதே ‘அடுத்த வாரம்’தான். அம்மாவுக்கும் அது பொய் என்று தெரியும். நான் ஒருமுறை பொறுக்க மாட்டாமல், “ஒருக்கா போய்ப் பார்த்துட்டுத்தான் வாங்களேனுங்க” என்றேன். அவர் என்னைக் கோபிக்கவில்லை. “போறதுக்கு விடுவினம் டீச்சர். திரும்பி வாறதுக்கு விடமாட்டினம். அம்மாவைப் பாக்கப் போனால் மகளை விடவேணும். மகளோட இருந்தால் அம்மாவை விடவேணும். கதவு ஒரு பக்கம்தான் திறக்குது” என்றார். அவர் அழுது நான் பார்த்ததில்லை; அன்று கண் கலங்கியிருந்தது.

அடுத்த புதன்கிழமை, வேறு யாருடைய பிரச்சினையையும் எடுக்காமல் அவருடையதை மட்டும் எடுத்தோம். அவருக்குச் சங்கடம்தான். நாங்கள் விடவில்லை. தாயாரின் முதுமையைச் சொல்லி, போய்த் திரும்ப ஓர் அனுமதி கேட்டு மனு எழுதினோம். ஒவ்வோர் அலுவலகத்துக்கும் மூவரில் ஒருவர் கூடவே போனோம். கடைசியில் ஒரு நல்ல அதிகாரி, “வயசான தாயாருங்கறதால பரிந்துரை பண்ணிப் பாக்கறேன்” என்றார். அன்று அண்ணன் பஸ் நிறுத்தம் வரை எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். பஸ்ஸில் ஏறியபின் ஜன்னல் வழியாக, “அம்மாவுக்கு இப்ப சொல்லமாட்டன். கையில வந்தாப் பிறகு சொல்லுறன்” என்றார்.

இந்த இடத்தில்தான் எங்கள் அன்பு அவருக்கு வினையாக வந்தது. பழனிசாமி தன் லைன் வீட்டில் மூலை அறையைக் காலி செய்து, வெள்ளையடித்து, அண்ணன் பெயரில் வாடகை ஒப்பந்தம் போட்டார். மனுவுக்காக அண்ணன் கொடுத்திருந்த அட்டை நகலை வைத்துக் கேஸ் இணைப்பும் வாங்கினார். சாந்தாமணி தன் பகுதியில் குடியிருக்கும் குடும்பமாக அவர்களைப் பதிவேட்டில் சேர்த்துக்கொண்டார். கிறிஸ்துமஸுக்கு அண்ணனுக்குச் சொல்லாமல் கொடுக்கலாம் என்பது எங்கள் மூவரின் ஏற்பாடு. எத்தனையோ குடும்பங்களுக்கு இதையே செய்து செய்து எங்களுக்குக் கை பழகிப் போயிருந்தது. அவருக்கும் இதைச் செய்யலாமா என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அண்ணன் அந்த அறையையும் புது அடுப்பையும் பார்த்து மகிழ்வார் என்று நின்றுகொண்டிருந்தோம். அவர் வாசலைத் தாண்டி உள்ளே வரவே இல்லை. “ஆரைக் கேட்டுச் செய்தனீங்கள்?” என்றார். முகத்தில் ரத்தமே இல்லை. அவர் பயந்தது போலவே நடந்தது. வெளியே வீடும் கேஸும் இருக்கிறவருக்கு முகாம் எதற்கு என்று விசாரணை வந்தது. அது முடியும் வரை முகாமை விட்டு வெளியே போகக் கூடாது என்றார்கள். வேலை போயிற்று. அதிகாரியின் மேசையில் இருந்த மனு நிறுத்தி வைக்கப்பட்டது.

பல வாரங்கள் அவர் எங்களோடு பேசவில்லை. பழனிசாமி முகாம் வாசலில் போய் நின்றுவிட்டுத் திரும்பி வருவார். கடைசியில் ஒரு நாள் என்னையும் இழுத்துக்கொண்டு போனார். அண்ணன் வாசலுக்கு வந்ததும், பழனிசாமி, அவ்வளவு பெரிய மனிதர், குழந்தை மாதிரி அழுதார். “எல்லாத்துக்கும் பண்ற மாதிரித்தானுங்கண்ணா பண்ணிப்போட்டேன். நீங்க வேற நாட்டாளுங்கறதே எனக்கு மறந்து போச்சுங்க.”

“உங்களுக்கு மறக்கலாம் பழனிசாமி. நான் மறக்கேலாது” என்றார் அண்ணன். பிறகு, “சரி, ரெண்டு பேரும் தேத்தண்ணி குடியுங்கோ” என்று எதிரே இருந்த டீக்கடையைக் காட்டினார். அந்தக் கடை வரைக்கும்தான் அவர் வரலாம்.

புதன்கிழமைக் கூட்டத்தை அந்த டீக்கடைக்கு மாற்றினோம். சனிக்கிழமை மாலைகளில் பஸ் பிடித்துப் போவோம். சாந்தாமணி மூட்டுவலியோடு வந்தார். பசந்தி தன்னைப் போல் புதிதாக வந்த பெண்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். பெஞ்சில் உட்கார்ந்தபடியே அண்ணன் அவர்களுடைய கதையைக் கேட்பார். யாரோடு யார் போக வேண்டும் என்று எங்களை ஏவுவார். எல்லோரும் மண்ணரைக்குத் திரும்புவோம். அவர் சாலையைக் கடந்து உள்ளே போய்விடுவார்.

ஒரு வழியாக விசாரணை முடிந்து பெயர் தப்பித்தது. வேலைக்கும் போகத் தொடங்கினார். அதற்குள் அந்த நல்ல அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். புதியவர், முதலிலிருந்து எழுதிக் கொடுங்கள் என்றார். எழுதிக் கொடுத்தோம். பதிலுக்குக் காத்திருந்த நாட்களில்தான் அண்ணன் தூக்கத்திலேயே போய்விட்டார். எனக்கு இதில் ஆறுதல் எதுவும் இல்லை. யாராவது விதி என்று சொன்னால் எரிச்சல்தான் வருகிறது.

அடக்கத்துக்கு மண்ணரையிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள் வந்தார்கள். எங்கிருந்து வருகிறீர்கள் என்று வாசலில் கேட்ட காவலர், கூட்டத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கி நின்றார். நிரோஜா கைபேசியை அப்பாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். மன்னாரில் அந்த அம்மா திரையில் மகனைப் பார்த்தார். அலறவில்லை. “வாறன் எண்டுதானே சொன்னவன்” என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பழனிசாமி எழுந்து வெளியே போய்விட்டார்.

அடுத்து வந்த செக்கிங்குக்கு நான் நிரோஜாவோடு போனேன். அலுவலர் வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, சூசைதாசன் என்றும் கூப்பிட்டார். யாரும் போய் நிற்கவில்லை. நிரோஜா இறப்புச் சான்றிதழை நீட்டினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு ஒரு கோடு போட்டார். அடுத்தது அவள் பெயர். “ஓம்” என்று சொல்லி முன்னால் போய் நின்றாள்.

வெளியே வந்ததும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அப்பாவின்ர பேரை வெட்டிப்போட்டினம் டீச்சர். இனி அவர் எங்க வேணுமெண்டாலும் போகலாம்” என்றாள்.

அம்மாவைப் பார்க்கப் போங்கள் அண்ணா. அவசரமில்லை, ஆசை தீர இருந்துவிட்டு வாருங்கள். இனி உங்கள் பெயரை யாரும் கூப்பிடப் போவதில்லை.