தேசிக்காய்க் கப்பலும் பிலோமினா அக்காவும்

சிசிலியின் பலெர்மோ நகரில், பல்லரோ சந்தையில் ஒரு மீன்காரனோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் எனக்குக் கட்டித் தரப் பார்த்த சாளை முதல்நாள் பிடித்தது என்பது என் வாதம். விடியப் பிடித்தது என்பது அவன் சத்தியம். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. பிலோமினா அக்காவின் மகள் றெஜினா. "அன்ரி, மம்மா போயிட்டா" என்றாள். "எங்கை போனவா, பூசைக்கோ?" என்று கேட்டேன். அவ்வளவு மடைச்சி நான். ஆனால் அவரைத் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அந்த மனுசி சாகக்கூடிய ஆள் என்று ஒருவருக்கும் தோன்றியதே இல்லை. காலையில் தேத்தண்ணி போட்டுவிட்டு, நெஞ்சு நோகுது என்று கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவில்லை. நான் சாளையை மீன்காரன் கையிலேயே விட்டுவிட்டு நடந்தேன். அவன் பின்னால் கத்தினான். விலை குறைப்பதாகச் சொல்லியிருப்பான், பாவம்.

பலெர்மோவில் தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்களுக்கு அவரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. முன்வரிசையில் இருந்து பாடகர் குழுவை விட ஒரு சொல் முந்திப் பாடுகிறவர் அவர்தான். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: மன்னார் பேசாலையில் பிறந்தவர், கடற்றொழில் செய்த குடும்பம். நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவில், சைவக்காரி. நாங்கள் இருவரும் ஒரே இத்தாலிய அம்மாவின் வீட்டில் நெடுங்காலம் வேலை செய்தோம்; சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். சமையல் அவர், துடைப்பதும் அயர்ன் பண்ணுவதும் நான். எதைச் சொன்னாலும் அக்கா நேரில் கண்டவர் மாதிரித்தான் சொல்லுவார். பிழை என்று பிறகு தெரிந்தால் முகம் சுருங்காது. "பிழை எண்டால் பிழைதான். அதுக்கென்ன இப்ப?" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார். ஒருமுறை சிஞ்ஞோராவின் பிறந்தநாளுக்கு ஒரு கிழமை முந்தியே கேக் செய்து, விருந்தாளிகளுக்கும் தானே அழைப்புச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் எல்லோரும் சாப்பிட்டார்கள். சிஞ்ஞோராவும் பேசாமல் இருந்து சாப்பிட்டார்.

ஒரேயொரு விஷயத்தில்தான் அக்காவுக்கு உறுதி இருக்கவில்லை. அது அவருடைய தம்பி சூசை. யுத்த காலத்தில் ஒருநாள் பேசாலையில் இருந்து கடலுக்குப் போனவன் திரும்பி வரவில்லை. வள்ளமும் இல்லை, வலையும் இல்லை, ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை. இந்தியாவில் கண்டோம் என்றார்கள், எங்கேயோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றார்கள். தாயார் சாகும்போது அவனுடைய ஒரே படத்தை அக்காவின் கையில் கொடுத்து, "அவனுக்கு மாலை போட்டிடாதை பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார். அதனால் பிலோமினா அக்கா செத்தவர்களுக்காகச் சொல்லும் ஆத்துமப் பூசைக்கு அவன் பேரைக் கொடுக்கவில்லை. படத்தைச் சுவரிலும் தொங்கவிடவில்லை. நம் வீடுகளில் ஒரு ஆளின் படம் தனியாகச் சுவரில் ஏறினால் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அலுமாரியில் சேலைகளுக்கு நடுவில்தான் அவன் இருந்தான். "செத்தவன் எண்டு சொல்லவும் ஏலாது, இருக்கிறான் எண்டு சொல்லவும் ஏலாது. இதென்ன சீவியம் கலா?" என்று ஒருநாள் வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்டார். அதே கேள்வியோடு இருக்கிற வீடுகள் நம்மிடையே எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

இனி அந்தக் கப்பலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பலெர்மோவின் பழைய பகுதியான போர்கோ வெக்கியோவில், துறைமுகத்துக்குப் போகும் ஒரு சந்துக்குள் சின்னக் கோயில் ஒன்று இருக்கிறது. அதன் பக்கச் சுவரில் பலகையில் தீட்டிய ஒரு படம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் கீறியது. ஆண்டின் பின்னிரண்டு இலக்கங்களும் அழிந்துபோய்விட்டன. இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல் ஒன்று பாறையில் ஏறிச் சரிந்து கிடக்கும். ஒரு மரம் முறிந்திருக்கும். அலைக்குள் ஆறு மனிதர்கள். மேலே மேகத்துக்குள் மாதா. படம் முழுவதும் மெழுகுதிரிப் புகை படிந்து கறுத்திருந்தது. தண்ணீரில் மட்டும் சில மஞ்சள் புள்ளிகள் மங்கலாகத் தெரியும். முதல்முறை பார்த்தபோது நானும் பக்கத்தில் நின்றேன். பிலோமினா அக்கா சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, "கடலிலை தாண்டு செத்த பிள்ளையள். வடிவாப் பார், ஆத்துமங்கள் விளக்கு மாதிரி மிதக்குது" என்றார். எனக்கும் சந்தேகம் வரவில்லை. சுவரில் ஆட்களின் படம், கீழே மெழுகுதிரி. வேறு என்னவாக இருக்கும்?

அன்று முதல் அந்தக் கப்பல் அவருடைய சொந்தமாகிவிட்டது. அந்தக் காலத்துக் கப்பல் விபத்துகளைப் பற்றியெல்லாம் றெஜினாவைப் பிடித்து வைத்து இணையத்தில் வாசிக்கச் சொல்லிக் கேட்டார். நீராவிக் கப்பல்கள் வந்துவிட்ட பிறகும் சின்ன வியாபாரிகள் பாய்க்கப்பலில்தான் சரக்கு ஏற்றினார்களாம். கப்பலில் வானொலி கிடையாது. துறையை விட்டுப் போன கப்பல் இன்னொரு துறையைத் தொடும்வரை கரையில் இருக்கிறவர்களுக்கு ஒரு தகவலும் வராது. அது புயலில் போனதா, பாறையில் போனதா, வேறு கப்பலோடு மோதிப் போனதா என்று கடைசிவரை தெரியாமலே வாழ்ந்து முடித்த பெண்கள் இந்தத் தெருக்களில் இருந்திருக்கிறார்கள். இந்த இடம் வரும்போது அக்காவின் குரல் இறங்கும். மற்ற இடங்களில் இறங்காது. சிஞ்ஞோராவுக்கு அந்தக் கதையைத் தன்னுடைய இத்தாலியனில் சொல்லி அவரையும் அழப்பண்ணினார்.

படத்தில் இருந்தவர்களுக்குப் பேரும் வைத்தார்: அந்தோனி, யாகப்பு, இராயப்பு, மத்தேசு, பிலிப்பு. சிசிலிக்காரர் எல்லோரும் பேசாலைக்காரர் ஆகிவிட்டார்கள். கப்பலை விட்டுத் தூரத்தில், தலையும் ஒரு கையும் மட்டும் தெரிந்த ஆறாவது ஆளுக்குப் பேர் வைக்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் ஆத்துமாக்கள் திருநாளன்று எங்களைக் கூட்டிக்கொண்டு போய் மெழுகுதிரி ஏற்றிச் செபமாலை சொல்லுவார். நான் சைவம் என்பதெல்லாம் அவரிடம் செல்லாது. ஐந்து பேருக்கும் பேர் சொல்லி மன்றாடிவிட்டு, "அங்கால நிக்கிறவருக்காகவும்" என்று முடிப்பார். அங்கால நிற்பது யார் என்று எனக்குத் தெரியும்.

கோடையில் மொண்டெல்லோக் கடற்கரைக்குப் போனால் அவர் கதிரை மட்டும் தெருப்பக்கம் பார்த்தபடி இருக்கும். பிள்ளைகள் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தார்கள். "நான் பாத்த கடலே எனக்குக் காணும்" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்துவிடுவார்.

பிறகு ஒரு வருஷம் கோயிலில் அந்தப் படத்தைக் கழற்றித் துப்புரவு செய்யக் கொடுத்திருந்தார்கள். நவம்பரில் நாங்கள் போனபோது அது திரும்பி வந்து சுவரில் இருந்தது. அடையாளமே தெரியவில்லை. கடல் பச்சை கலந்த நீலம். மஞ்சள் புள்ளிகள் எல்லாம் காம்பும் இலையுமாக எலுமிச்சம்பழங்கள், எங்கள் பேச்சில் தேசிக்காய். உடைந்த பெட்டிகளில் இருந்து கொட்டுண்டு அலை முழுக்க மிதந்தன. நாங்கள் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நிற்க, கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் டொன் பெப்பே எங்கள் கையில் இருந்த மெழுகுதிரிகளைக் கண்டு பாய்ந்து வந்தார். "நீங்கள்தானா இவ்வளவு புகை பிடிக்க வைத்தது? யாருக்காக ஏற்றுகிறீர்கள்?" என்று கேட்டார்.

"கடலில் மூழ்கிச் செத்த இவர்களுக்காக" என்றார் பிலோமினா அக்கா, தலையை நிமிர்த்தி.

"யார் செத்தது? எலுமிச்சம்பழம்தான் போனது! சிஞ்ஞோரா, செத்தவன் எப்படி ஓவியனைப் பிடித்துப் படம் வரைவிப்பான்? கரையேறினவர்கள் மாதாவுக்கு நன்றி சொல்லித் தொங்கவிட்டது இது. இந்த ஊர்க் கோயில்களில் இப்படித் தொங்குகிற கப்பல் எல்லாம் தப்பினவர்களுடையவை."

"ஐயோ, இது நேர்த்திக்கடனெல்லோ!" என்று பிலோமினா அக்கா தலையில் கை வைத்தார். அவருடைய தகப்பனாரே ஒருமுறை சுழிக்காற்றில் தப்பி வந்து, வெள்ளியில் வள்ளம் செய்து அந்தோனியாருக்குக் கொடுத்தவர். ஆனால் வெள்ளி வள்ளம் வேறு, ஆட்களின் படம் வேறு. படத்தைச் சுவரில் கண்டதும் எங்கள் புத்தி நேரே செத்தவீட்டுக்குப் போய்விட்டது. வருஷக்கணக்காக நாங்கள் உயிர் தப்பின மனிதர்களுக்கு ஆத்தும சாந்தி கேட்டிருக்கிறோம். முதலில் சிரித்தது அவர்தான். பிறகு எல்லோரும் சிரித்தோம். விஷயம் விளங்கியதும் டொன் பெப்பே கோயில் வாங்கில் குந்தியிருந்து இருமி இருமிச் சிரித்தார்.

சிரித்துக்கொண்டே அக்கா படத்துக்குக் கிட்டப் போனார். ஆறாவது ஆளைத் தேடினார். அவனுடைய கையில் ஒரு கயிறு இருந்தது. பாறையில் ஒருவன் நின்று அதன் மறுநுனியைப் பிடித்து இழுக்கிறான். எங்கள் மெழுகுதிரிப் புகைக்குள் இவ்வளவு காலமும் கயிறும் தெரியவில்லை, பாறையில் நின்றவனும் தெரியவில்லை. "அவருக்குக் கயிறு எறிஞ்சிருக்கினம்" என்றார். சிரிப்பு நின்றுவிட்டது. அந்தக் கயிற்றை விரலால் மறுநுனிவரை தொடர்ந்துவிட்டு, திரும்பி இத்தாலியனில் கேட்டார்: "அப்படியென்றால் வராதவர்களுக்குப் படம் எங்கே?"

"இல்லை" என்றார் டொன் பெப்பே. அவருடைய பூட்டனார் அதே காலத்தில் திரப்பனியில் இருந்து உப்பு ஏற்றிப் போன கப்பலில் இருந்தவராம். அந்தக் கப்பல் எந்தத் துறைக்கும் போய்ச் சேரவில்லை. பூட்டனாரின் மனைவி வருகிற கப்பல்காரரை எல்லாம் மறித்து மறித்துக் கேட்டாளாம். கடைசியில் ஒரு ஆத்துமாக்கள் திருநாளன்று இதே கோயிலுக்கு வந்து அவருடைய பேரைக் கொடுத்தாளாம். உடம்பு கிடைக்கவில்லையே என்று அந்தக் காலத்துப் பாதர் தயங்கியிருக்கிறார். பேர் என்னிடம் இருக்கிறதே என்று சொன்னாளாம்.

திரும்பி வரும்போது பிலோமினா அக்கா எனக்குப் பின்னால் நடந்து வந்தார். நான் அறிய அதுதான் முதல் தடவை. போர்கோ வெக்கியோவில் ஆட்டுக்குடல் வாட்டுகிற கடைக்கு முன்னால், அந்தப் புகைக்குள் நின்றார்.

"கலா, நான் தம்பியை அவங்களோட விட்டிருந்தனான். இத்தினை பேர் நிக்கிறாங்கள்தானே, அவனுக்கும் துணையாயிருக்கும் எண்டு. இப்ப அவங்கள் எல்லாரும் கரையேறிட்டாங்கள். இவன் அங்கை தனிய நிக்கிறான். தனிய விடேலாது."

நேரே வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்து படத்தை எடுத்தார். என்னைக் கதிரையைப் பிடிக்கச் சொல்லிவிட்டுத் தானே ஏறி ஆணி அடித்தார். ஆணி வளைந்தது, சுவர் கொட்டியது, வீட்டுக்காரன் என்ன சொல்லுவானோ என்று நான் பயந்தேன். சூசை சுவரில் ஏறினான். மீசை அரும்பின, சிரிப்பை அடக்கின முகம். "மாலை?" என்று கேட்டேன். "அம்மா மாலை போடாதை எண்டுதான் சொன்னவா. தொங்கவிடாதை எண்டு சொல்லேல்லை" என்றார். பிறகு கதிரையில் நின்றபடியே சொன்னார்: "ரெண்டு கரை இருக்கு. ஏதோ ஒரு கரைக்கு வந்திருப்பான்தானே?" அதற்குப் பிறகு அழுதார். நானும் அழுதேன். எனக்கும் அழுவதற்கு ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்ததும் எழும்பி நின்றார். உங்களில் பலர் அங்கே இருந்தீர்கள். "அந்தக் கப்பல் ஆக்கள் ஒருத்தரும் சாகேல்லை. நான் சொன்னது பிழை. பிழை எண்டால் பிழைதான். இனி அவைக்கு நன்றிப் பூசை குடுப்பம். ஆத்துமப் பூசைக்கு என்ர தம்பி சூசையின்ர பேரைப் பாதரிட்டைக் குடுத்திட்டன்." பிறகு பின்வரிசையில் இருந்து ஒரு தாய் எழும்பிப் பாதரிடம் போனார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். யார் யாருடைய பேர்கள் அன்று போயின என்று நான் இங்கே எழுதப்போவதில்லை, அது அவரவர் விஷயம். அடுத்த கோடையில் மொண்டெல்லோவில் பிலோமினா அக்கா கதிரையைக் கடலைப் பார்க்கத் திருப்பிப் போட்டார். "தண்ணி நல்ல துப்புரவாக் கிடக்கு" என்றார். எங்களுக்கு அவ்வளவும் போதும்.

அவரை அடக்கம் செய்த பிறகு வீட்டுக்குப் போனோம். றெஜினா தாயின் படத்தை மாமா சூசையின் படத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டிருந்தாள். மிலானோவில் இருந்து வந்த சொந்தக்காரர் ஒருவர் பெரிய மாலையோடு நின்றார். "அன்ரி, இதைப் போடுறதோ?" என்று றெஜினா என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன். மாலையோடு வந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. செத்த ஆளின் படத்துக்கு மாலை போடாமல் விடுவது என்ன வழக்கம் என்று கேட்டார். போர்கோ வெக்கியோ வழக்கம் என்றேன். அவர் என்னைச் சண்டைக்காரி என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும்.

பிலோமினா அக்காவிடம் இருந்து நான் வைத்துக்கொண்டவை அதிகம் இல்லை. பிழை என்றால் பிழைதான் என்று ஊர் கேட்கச் சொல்லும் துணிவில் ஒரு கொஞ்சம் எனக்கும் ஒட்டியிருக்கிறது. வருகிற நவம்பரில் இந்தச் சைவக்காரி பாதரிடம் போய் இரண்டு பேர்களைச் சேர்த்துக் கொடுக்கப் போகிறாள்: பிலோமினா, சூசை. அக்கா மொண்டெல்லோவில் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும் படம் ஒன்றை என் வீட்டுச் சுவரில், பிள்ளையாருக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன். விளக்கும் இல்லை, மாலையும் இல்லை. வந்து பார்க்கிறவர்கள் குழம்பிப்போய், "இவா இருக்கிறாவோ, இல்லையோ?" என்று கேட்கிறார்கள்.

"கரையேறிட்டா" என்று சொல்லுகிறேன்.