சித்திக்கு வராத ஒரு பதில்

ஒன்பது வயதில் நான் ஆங்கில வாத்தியாராக இருந்தேன். எனக்கு ஒரேயொரு மாணவி, அம்மாவின் தங்கையான என் சித்தி.

அம்மாவின் முகம் எனக்கு நினைவில்லை. அப்பா யாழ்ப்பாணத்தில் கடை வேலை முடித்துக் கடைசி பஸ்ஸில்தான் கரவெட்டிக்கு வருவார். அதுவரை வீட்டில் சித்தியும் நானும்தான். கலியாணம் முடித்த கையோடு சித்தப்பா லண்டனுக்குத் திரும்பிவிட்டார். அவரிடம் போவதென்றால் சித்தி கொழும்பில் ஆங்கிலத்தில் கதைத்துக் காட்டிப் பாஸாக வேண்டும்.

பின்னேரங்களில் சித்தி குசினியில் தேங்காய் துருவுவார். நான் எதிரே கதிரையைப் போட்டு, அப்பாவின் பழைய கண்ணாடியை மூக்கில் தொங்கவிட்டுக்கொண்டு கேள்வி கேட்பேன். கிழமைக்கு ‘ஒன்’, மாதத்துக்கு ‘இன்’, மணிக்கு ‘அற்’. நேற்றென்றால் ‘வென்ட்’, ஒவ்வொரு நாளுமென்றால் ‘கோ’. பள்ளிக்கூடத்தில் என்னை ஒருவரும் விளையாட்டுக்குச் சேர்ப்பதில்லை. குசினியில் என் அதிகாரம் கொடிகட்டிப் பறந்தது. சித்தியும் பிழையில்லாமல் சொல்லத் தொடங்கினார்.

ஆனால் கொழும்புக்குப் போனவர் பெயிலாகி வந்தார். எனக்கு மானம் போய்விட்டது.

“அப்பிடி என்ன கேட்டவை, சித்தி?”

“வீட்டிலை ஆரோடை இருக்கிறீர் எண்டு கேட்டவை. எனக்கு வாய் வரேல்லை, ராசா.”

“அது லேசான கேள்வியெல்லோ?”

“ஓம். லேசான கேள்விதான்.”

அதன்பிறகு நான் விடவில்லை. ‘ஐ லிவ் வித் மை சிஸ்டர்ஸ் சன்’. வினைச்சொல் ‘லிவ்’, அதற்குப் பின்னால் ‘வித்’ என்று பாடம் நடத்தினேன். சித்தி ‘வித்’ வரைக்கும் வந்து நிற்பார். சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைப்பார். இவ்வளவு கற்பித்தும் ஏறவில்லையே என்று எனக்குக் கோபம் வரும். திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன். கடைசியில் ஒருநாள், துருவுகிற கையை நிறுத்தாமல், என்னைப் பார்க்காமல், முழுதாகச் சொல்லி முடித்தார். நான் கைதட்டினேன்.

அடுத்த முறை பாஸ். ஊரெல்லாம் என் கெட்டித்தனத்தைச் சொல்லித் திரிந்தேன்.

சித்தி விமானமேறிய மறுநாள் பின்னேரம் வழக்கம்போல் குசினியில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அப்பாவின் பஸ்ஸுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. கேட்க ஆளில்லாததால் அந்தக் கேள்வியை என்னிடமே கேட்டேன். ‘ஐ லிவ் வித்’ என்பது வரைக்கும் சரியாக வந்தது. அதற்குமேல் வரவில்லை; சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

பாடம் மறந்துபோய்விட்டதென்றுதான் நினைத்தேன்.